பெருங்காயம் யாருக்கு?

பசித்த உயிர்க்கெல்லாம் படியளக்கும் பரம்பொருளை நெஞ்சில் இருத்தி இக்கதையைத் தொடங்குகிறேன். செவி கொடுங்கள், அன்பர்களே. கடல்நீர் இன்றுள்ள அளவுக்கு உப்புக் கரிக்காத காலம் அது. யானைகளுக்கு வெட்கமும் அரசர்களுக்கு அஜீரணமும் இருந்த காலம். அக்காலத்தில் மிளகணை நாட்டை வாயுவேக வழுதி என்னும் மன்னன் ஆண்டுவந்தான்.

நல்லவன்தான். கோயிலுக்கு விளக்கிட்டான், குளத்துக்குக் கரையிட்டான், ஏழைக்கு இலையிட்டான். குறை என்று சொன்னால் இரண்டே. அவனுக்குக் காது நிறையப் புகழ் வேண்டும். இலை நிறையக் கொண்டைக்கடலை வேண்டும். முதற்குறையை அவைப்புலவர்கள் தீர்த்துவைத்தார்கள். இரண்டாவதைப் பெருங்காயம் தீர்த்துவைத்தது. கடலை உண்ட வயிற்றில் காற்று மூளும். பெருங்காயம் மணக்கும் ரசம் அதை அடக்கும். மன்னன் செங்கோல் கோணாமல் நின்றதற்கு அறம் பாதிக் காரணம் என்றால், பெருங்காயம் மறுபாதிக் காரணம்.

அந்தப் பெருங்காயமோ மிளகணை மண்ணில் விளையாது. கடலுக்கு அப்பால் பிசினபுரி என்றொரு நாடு. அங்கே ஒரு செடியின் வேரைக் கீறினால் பால் வடியும். பால் இறுகிப் பிசினாகும். அதைச் சாருகன் என்னும் கப்பல் தலைவன் ஏற்றிவருவான். துறைமுகத்தில் தாண்டவச் செட்டியார் மூட்டையாக வாங்குவார். அவரிடம் கடைத்தெரு உலகம்மை கட்டியாக வாங்குவாள். அவளிடம் ஊரார் துண்டாக வாங்குவார்கள். கப்பலில் மலையாக வந்த சரக்கு அடுப்படிக்குக் கடுகாகப் போய்ச் சேரும்.

இப்படி இருக்கையில், மிளகணையின் தூதன் ஒருவன் பிசினபுரி அரசவையில் நின்றபோது தும்மினான்.

தும்மியவரை 'நூறு' என்று வாழ்த்துவது நம்மவர் வழக்கம். மிளகணையார் இதில் மிகக் கண்டிப்பானவர்கள். போர்க்களத்தில் பகைவன் தும்மினாலும் 'நூறு' என்று சொல்லிவிட்டுத்தான் வாளை ஓங்குவார்கள். பிசினபுரி அவையிலோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. தூதன் மறுபடியும் தும்மினான், மௌனம். இன்னும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம் என்று மூக்கில் நூலை விட்டுத் தானாகவே மூன்றாம் முறையும் தும்மினான். அரசன் முதல் சாமரம் வீசுவோன் வரை அனைவரும் தலை கவிழ்ந்து பேசாதிருந்தார்கள்.

தூதன் திரும்பிவந்து சொன்னதைக் கேட்ட வாயுவேக வழுதி அரியணையிலிருந்து எழுந்துவிட்டான்.

"நம் தூதன் மூக்கு யாருடைய மூக்கு? நாட்டின் மூக்கு! அதற்கா இந்த அவமதிப்பு?"

படை எடுக்கலாம் என்றால் கப்பல் இல்லை. சாபம் கொடுக்கலாம் என்றால் தவம் இல்லை. சும்மா இருக்கலாம் என்றால் அது அரசர்க்கு வழக்கமில்லை. அப்போது அமைச்சர் மதிசேகரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்தார். விடை தெரியாத கேள்விக்கே விரைந்து விடை சொல்லும் ஆற்றல் அவருக்கு இயல்பாக வாய்த்திருந்தது.

"மன்னா, பிசினபுரிப் பெருங்காயத்துக்குச் சுங்கம் விதிப்போம். மூட்டை விலையில் பாதி. பொருள் அவர்களுடையது, ஆகவே சுங்கமும் அவர்களுடையது. அவர்கள் மடியிலிருந்து பொன் கொட்டும். நம் மக்கள் மடியில் ஒரு நூலும் நகராது."

மன்னன் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு ஓர் ஆணையும் இட்டான். "இந்தச் சுமையில் ஒரு தூசியும் என் குடிகள்மேல் விழக் கூடாது. பெருங்காயத்தின் விலையை ஏற்றி மக்கள் தலையில் வைப்பவர் எவரோ, அவர் கடை அன்றே மூடப்படும். துறையில் நிற்கும் கப்பலில் ஏற்றி நாடு கடத்தப்படுவார்."

முரசறைவோன் புறப்பட்டான். அவனுக்கு இளைப்பு நோய் உண்டு. ஆணை முழுவதையும் சொல்ல மூச்சுப் போதாமல், தெருத்தெருவாக ஒன்றையே முழக்கினான்: "பெருங்காயத்துக்கு வரி! பெருங்காயத்துக்கு வரி!"

அன்பர்களே, நம் தமிழில் ஒரே சொல் பல வீட்டில் வேலை பார்க்கும். காயம் என்றால் கடைச்சரக்கு. காயம் என்றால் புண். காயம் என்றால் இந்த நிலையில்லா உடம்பு. ஊரார் சரக்கை மறந்தார்கள். மற்ற இரண்டையும் நினைத்துக்கொண்டார்கள்.

மல்லன் பூதலிங்கம் மூச்சை உள்ளிழுத்து, தொந்தியை முதுகோடு ஒட்டவைத்துக்கொண்டு சுங்கச்சாவடியைக் கடந்தான். காவலர்களோ அவனை நிறுத்தி, வீட்டார் நலம், மாட்டின் நலம், மழையின் நலம் எல்லாம் விசாரித்தார்கள். அவன் கண்ணால் விடை சொன்னான். மார்பில் பெற்ற விழுப்புண்ணைச் சட்டை போடாமல் காட்டித் திரிந்த கிழப் போர்வீரன், "இதுவா? எங்கள் வீட்டுப் பூனை பிறாண்டியது" என்றான். கோயில் யானைப்பாகன் யானையைத் தென்னந்தோப்புக்குள் நிறுத்தி, முதுகில் ஓலை சாத்தி, வருவோர் போவோரிடமெல்லாம் "இங்கே யானை இல்லை, இங்கே யானை இல்லை" என்று கூவிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விவரம் தெரிந்தபோது ஊர் சிரித்தது. "அட, ரசத்தில் போடும் காயத்துக்குத்தானா! நம் உடம்புக்கோ புண்ணுக்கோ இல்லையே!"

அவர்கள் முதலில் நினைத்ததே சரி என்பது பிறகுதான் தெரிந்தது.

கப்பல் வந்தது. சுங்கக்காரர் கை நீட்டினார்கள். சாருகன் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"ஐயா, நான் கடலோடு வந்தேன், கடலோடு போவேன். சரக்கைக் கரைக்குள் கொண்டுபோகிறவர் செட்டியார். அவரைக் கேளுங்கள்."

தாண்டவச் செட்டியாரே சுங்கத்தைக் கட்டினார். கட்டிவிட்டுச் சாருகனை விடாமல் பிடித்துக்கொண்டார். "ஏனப்பா, தும்மலுக்கு வாழ்த்துச் சொல்லாதது உங்கள் ஊர், தண்டம் கட்டுவது என் பெட்டியா? விலையைக் குறை."

சாருகன் ஒரு சிட்டிகை குறைத்தான். "இதற்குமேல் குறைத்தால் என் பாய் வேறு துறைப்பக்கம் திரும்பும், செட்டியாரே. காற்று எல்லாத் திசையிலும்தான் அடிக்கிறது."

மீதியைச் செட்டியார் தாமே சுமந்து பார்த்தார். வலக்காதுக் கடுக்கனைக் கழற்றி விற்றார். அதன்பின் தெருவில் இடக்காது தெரியும்படி நண்டுபோலப் பக்கவாட்டில் நடந்தார். அடுத்த கப்பல் வந்தபோது இடக்காதையும் தடவிப் பார்த்தார், மனம் வரவில்லை. "இரண்டு காதும் மூளியானால் எனக்கு எவன் கடனுக்குச் சரக்குத் தருவான்?" என்று சொல்லி, மிகுந்த சுமையை உலகம்மையின் கட்டிகள்மேல் ஏற்றிவிட்டார்.

இப்போது உலகம்மையைப் பற்றிச் சொல்லவேண்டும். கணவனை இழந்தவள்; பிள்ளை இல்லாதவள். கடைத்தெருவில் ஒரு கதவு அகலமுள்ள அந்தக் கடைதான் அவளுக்குத் தாயும் தகப்பனும். விடியலில் அங்கே ஒரு விளக்கேற்றி, திருநாமம் சொல்லிவிட்டுத்தான் தராசைத் தொடுவாள். அந்தக் கடை மூடினால் அவளுக்கு மிளகணையில் நிற்க நிழல் இல்லை.

ஆகவே அவள் விலையை ஏற்ற அஞ்சினாள். விலை நின்ற இடத்திலேயே நின்றது; துண்டுதான் இளைத்தது.

"என்ன உலகம்மை, இது பெருங்காயமா, சிறுகாயமா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"எந்தக் காயமானால் என்ன அக்கா, வலி எனக்கும்தான்."

துண்டு இதற்குமேல் இளைத்தால் கண்ணுக்குத் தெரியாது என்ற நிலை வந்தபோது, உலகம்மை ஒரு பிடி அரிசிமாவைச் சேர்த்துப் பிசைந்தாள். மறுநாள் விடியலில் விளக்கேற்றப் போனாள். மாவு படிந்த கை திரியைத் தொடக் கூசியது. பிறகு பிசைந்ததை எல்லாம் எறும்புக்கு எடுத்துப் போட்டாள். சரக்கைச் சுத்தமாகவே வைத்து, விலையை ஏற்றி, அதை மறைக்காமல் வாய்விட்டுச் சொல்லியே விற்றாள். அரசன் ஆணை அவளுக்குத் தெரியும். தெரிந்தே செய்தாள்.

ஊரில் நடந்ததைக் கேளுங்கள். மாடிவீட்டார் விலை கொடுத்து வாங்கினார்கள். வேலைக்காரியைத் திட்டிக்கொண்டே வாங்கினார்கள். நடுத்தரத்தார் ஒரு துண்டை நூலில் கட்டி, கொதிக்கும் ரசத்துக்கு முகம் காட்டிவிட்டு மேலே தூக்கினார்கள். அதே நூல் சன்னல்வழியே அடுத்த வீட்டுக்குப் போனது. அங்கிருந்து எதிர்வீட்டுக்குப் போனது. "மதினி, காயத்தை அனுப்புங்கள், ரசம் பொங்குகிறது!" என்ற குரல் தெருவெங்கும் கேட்டது. ஏழைகளிடம் நூல் மட்டுமே இருந்தது. அவர்கள் புளித்தண்ணீரைக் கொதிக்கவைத்து, சட்டிக்குள் குனிந்து, "பெருங்காயம், பெருங்காயம், பெருங்காயம்" என்று மும்முறை சொல்லி இறக்கினார்கள்.

நாமம் ஒன்றே போதும் என்று பெரியோர் சொன்னது இறைவனைப் பற்றி, அன்பர்களே. ரசத்துக்கு அது பொருந்தாது.

அரண்மனை மடைப்பள்ளிக்கும் சரக்குப் போவது உலகம்மை கடையிலிருந்துதான். சமையற்காரனுக்கு அளந்து கொடுத்த செலவோ கூடவில்லை. விலை ஏறவே ஏறாது என்று அமைச்சர் முடிவு செய்துவிட்டபின் செலவு எப்படிக் கூடும்? அவனும் ஒரு நூலைத் தேடி எடுத்தான். மன்னனோ வழக்கம்போலக் கடலையை உண்டான்.

முதலில் ஏப்பம் வந்தது. பிறகு வயிறு உப்பியது. பிறகு உள்ளே இடிக்கத் தொடங்கியது. மன்னன் தீர்ப்புச் சொல்ல வாய் திறந்தால் வயிறு முந்திக்கொள்ளும். அவையோர் மழை என்று எண்ணிக் குடை விரிப்பார்கள். அரண்மனைச் சோதிடர் நல்ல மழைக்காலம் வருகிறது என்று கணித்தே கொடுத்துவிட்டார். நாளுக்கு நாள் மன்னன் பருத்து, அரியணைக்குள் புகுந்தால் வெளியே வர ஆள் பிடித்து இழுக்கவேண்டியதாயிற்று. மிளகணையில் உண்மையான பெருங்காயம் இப்போது அவன் ஒருவனே.

அரண்மனை வைத்தியர் நாடி பார்த்தார். "மன்னா, இது வாயு. பெருங்காயத்தை இழைத்துக் கொப்பூழைச் சுற்றிப் பூசவேண்டும். கைக்குழந்தைக்குச் செய்வதுதான், ஆனால் இந்த வயிற்றுக்கு ஒரு முழுக்கட்டி வேண்டும். இன்றே வேண்டும்."

மடைப்பள்ளியில் நூல்தான் இருந்தது. உலகம்மை கடை மூடிக் கிடந்தது. செட்டியாரிடம் கேட்டார்கள், அவர் கடுக்கன் மிஞ்சிய இடக்காதைக் காட்டிவிட்டு, "நான் மிளகுக்கு மாறிவிட்டேன்" என்றார். சாருகனிடம் கேட்டார்கள், "இந்தத் துறைக்கு ஏற்றிவரவில்லை, வேறு துறையில் இறக்கிவிட்டேன். தண்ணீர் பிடிக்க வந்தேன், மாலையில் கடல்நீர் வடியும்போது கிளம்புகிறேன்" என்றான்.

அந்த நேரத்தில்தான் அமைச்சர் மதிசேகரர் மிகுந்த மகிழ்ச்சியோடு உலகம்மையை அவைக்கு இழுத்துவந்தார். அவள் கையில் ஒரு சிறு துணிமூட்டை. கடைக் கதவில் அரக்கு முத்திரை வைத்தாயிற்று. அவளை ஏற்றிச் செல்லச் சாருகனின் கப்பல் காத்திருந்தது. அதற்காகச் சாருகனையும் அழைத்துவந்திருந்தார்கள். பார்க்க வந்த ஊராரோடு செட்டியாரும் பக்கவாட்டில் நின்றார்.

"மன்னா, நாட்டின் சுமையை மக்கள் தலையில் வைத்தவள் இவளே. விலையை ஏற்றினாள். மறைக்கவும் இல்லை!"

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "பெண்ணே, ஏற்றினாயா?"

"ஏற்றினேன், மகாராசா."

"பிசினபுரியார் கட்டவேண்டிய சுங்கம் அது. உன் விலை ஏன் ஏறவேண்டும்? உண்மையில் அதைச் சுமப்பவர் யார்? ஒருவரைக் காட்டு."

உலகம்மை விரலை மடக்கி எண்ணினாள். "ஒருவரைக் காட்ட முடியாது, மகாராசா. கப்பல்காரர் ஒரு சிட்டிகை சுமந்தார். செட்டியார் ஒரு காது சுமந்தார். நான் என் கைமுதலைச் சுமந்தேன். மிச்சம் ஊருக்குப் போயிற்று. கப்பலுக்கு வேறு துறை உண்டு, ஒதுங்கிக்கொண்டது. செட்டியாருக்கு மிளகு உண்டு, ஒதுங்கிக்கொண்டார். எனக்குத் தெரிந்த வியாபாரம் இது ஒன்றுதான். ஊருக்குத் தெரிந்த ரசமும் இது ஒன்றுதான். நாங்கள் எங்கே ஒதுங்க?"

"பொய்!" என்றார் அமைச்சர். "ஊர் ரசம் மணக்கிறது!"

"அப்படியானால் வரவழைத்துக் குடித்துப் பாருங்கள், ஐயா."

மூன்று வீட்டு ரசம் வந்தது. மாடிவீட்டு ரசத்தை மன்னன் பருகினான், மணந்தது. நடுவீட்டு ரசத்தைப் பருகினான். நேற்று மணந்ததுபோல இருந்தது. குடிசைவீட்டு ரசத்தைப் பருகினான். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பருகினான்.

"இதில் என்ன போட்டார்கள்?"

"பெயரை, மகாராசா."

அவையில் யாரோ சிரிக்கத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார்கள். மன்னன் வாய் திறந்தான். வயிறு இடித்தது. பழக்கத்தால் அவை முழுவதும் குடை விரிந்தது. விரித்த குடைகளுக்கடியில் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மன்னன் வலி தாளாமல் சரிந்தான். வைத்தியர் கையைப் பிசைந்தார். அப்போது உலகம்மை தன் துணிமூட்டையை அவிழ்த்தாள். போகும் ஊரில் பிழைக்க வைத்திருந்த ஒரே கட்டி. மாவு கலவாத கட்டி. அதை எடுத்து நீட்டினாள்.

"விலை?" என்று முனகினான் மன்னன்.

"நோயாளியிடம் விலை பேச என் தகப்பனார் கற்றுத்தரவில்லை. முதலில் பூசுங்கள். என்னைக் கப்பலில் ஏற்றுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

அவை நடுவிலேயே இழைத்தார்கள். நெடுநாள் நூலை மட்டுமே முகர்ந்த மூக்குகளுக்கு அந்த நெடி தாங்கவில்லை. மன்னன் தும்மினான்.

'நூறு' என்று ஒருவரும் சொல்லவில்லை.

மறுபடியும் தும்மினான். ஒருவரும் சொல்லவில்லை. மூன்றாம் முறை தூண் அதிரத் தும்மினான். எறும்பு ஊரும் ஓசை கேட்டது.

"ஏன் வாழ்த்தவில்லை?" மன்னன் கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தான். "என் அவை! என் குடிகள்!"

கூட்டத்திலிருந்து மல்லன் பூதலிங்கம்தான் மெல்லச் சொன்னான். "மன்னிக்கவேண்டும், மகாராசா. நூறு என்பது ஓர் எண். தங்கள்முன் எண்ணைச் சொன்னால் அது வரியாகிவிடுமோ என்று பயம்."

மன்னன் தலை தாழ்ந்தது. தாழ்ந்த பார்வையில் சாருகன் தென்பட்டான். அவன் தலை கவிழ்ந்து, கண் மூடி, உதடு அசையாமல் நின்றான். பிசினபுரி அவை நின்றதாகத் தூதன் சொன்னானே, அப்படியே.

"நீ என்ன செய்கிறாய்?"

சாருகன் கண் திறந்தான். "தங்களுக்காக வேண்டிக்கொண்டேன், அரசே. தும்மும்போது உயிர் வாசல்வரை போய்த் திரும்பும் என்பது எங்கள் நம்பிக்கை. அது திரும்பி வரும்வரை நாங்கள் பேசமாட்டோம். தலை கவிழ்ந்து உள்ளுக்குள் அவருக்காக வேண்டுவோம். தங்கள் தூதர் மூன்று முறை தும்மினார். எங்கள் அவை மூன்று முறை அவர் உயிருக்காக இறைவனிடம் கையேந்தியது." பிறகு, அவனுக்குத் தெரிந்த தமிழில் சேர்த்துச் சொன்னான்: "நூறு."

மன்னன் மெல்லக் கேட்டான். "ஒரு பிரார்த்தனைக்கா நான் வரி போட்டேன்?"

வைத்தியர் பூசி முடித்தார். வாயு அடங்கியது, அடங்கும் முன்பு வெளியேறியது. அந்தக் காற்றிலேயே சாருகனின் பாய் விரிந்து கப்பல் துறையைவிட்டு நகர்ந்தது என்பார்கள் சிலர். அது மிகை. கப்பல் மாலைவரை அங்கேதான் நின்றது. உலகம்மை அதில் ஏறவில்லை. அவள் கடை முத்திரையை மன்னனே வந்து உடைத்தான். சுங்கம் ஒழிந்தது.

அமைச்சருக்கு ஒரே தண்டனை: முரசைத் தாமே சுமந்து, தெருத்தெருவாக முழக்கவேண்டும். "பெருங்காயத்துக்கு வரி இல்லை! பெருங்காயத்துக்கு வரி இல்லை!" என்று அவர் தென்னந்தோப்பைக் கடந்தபோது, ஓலைக்குள்ளிருந்து கோயில் யானை வெளியே வந்தது. முதல் முழக்கத்துக்குப் பிறகு பாகனுக்கு ஒருவரும் விவரம் சொல்லவில்லை. அவன் இத்தனை நாளும் "இங்கே யானை இல்லை" என்று கூவிக்கொண்டுதான் இருந்தான்.

இவ்வளவுக்கும் பிறகு விலை உடனே இறங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. பெருங்காயம் தீர்ந்த பாண்டத்திலும் வாசம் போகாதல்லவா? செட்டியார் மறுபடி சரக்கு எடுத்தார். "பழைய கொள்முதல்" என்றார், "அடுத்த கப்பல் வரட்டும்" என்றார், வலக்காதுக்குக் கடுக்கன் வரும்வரை ஏதேதோ சொன்னார். முதலில் இறக்கியவள் உலகம்மைதான். அன்று விடியலில் அவள் விளக்கேற்றியபோது கை கூசவில்லை.

அன்று மாலை குடிசைவீட்டுச் சட்டியில் ஒரு துண்டு விழுந்தது. பழக்கத்தால் அவ்வீட்டார் குனிந்து மும்முறை அதன் பெயரையும் சொன்னார்கள்.

ஆகவே, அன்பர்களே, அயலான் தலையில் என்று சொல்லி ஏற்றும் சுமை, ஒதுங்க இடமுள்ளவர்களை எல்லாம் கடந்துவந்து, ஒதுங்க வழியில்லாத எளியவர் தலையிலேயே இறங்கும்.